கப்பல் டிக்கெட்டில் எந்தப் பெயரை எழுதுவது?

எங்கள் குடும்பத்தில் யார் எங்கே கிளம்பினாலும் டிக்கெட், விசா, ஆவண வேலை எல்லாம் என்னிடம்தான் வரும். எனக்கும் அது பிடித்த வேலை. இந்த முறை வந்தது உல்லாசக் கப்பல் பயணம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி சிங்கப்பூர் போய், அங்கே கப்பல் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்குகிற பயணம். அம்மா, அத்தை, மாமா, அண்ணன், மைனி, பிள்ளைகள் என்று பெரிய கூட்டம். அதில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் எல்லோரிடமும் நான் கேட்டது பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லித்தான். பெயரை டைப் செய்து அனுப்ப வேண்டாம், போனில் எழுத்துக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம் என்றேன். மாமாவுக்கு அது கொஞ்சம் வருத்தம். "எம் பேரு ஒனக்குத் தெரியாதா மக்களே?" என்று கேட்டார். "எனக்குத் தெரியும் மாமா. கப்பல்காரங்களுக்குப் பாஸ்போர்ட்டுல இருக்கிற பேரு மட்டும்தான் தெரியும்" என்றேன். அப்புறம் பேரனிடம் சொல்லி அனுப்பிவைத்தார்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. கன்னியாகுமரியில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறுவது போல உல்லாசக் கப்பலில் ஏற முடியாது. கப்பல் கிளம்புவதற்கு முன்பே பயணிகள் பட்டியல், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி எல்லாம் அது போய் நிற்கும் நாடுகளின் குடியேற்ற அதிகாரிகளுக்குப் போய்விடும். எங்கள் பயணத்தில் மட்டும் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று மூன்று நாடுகள். விமானத்தில் பெயர் தப்பாக இருந்தால் அடுத்த விமானத்தில் போகலாம் என்றாவது ஒரு வழி இருக்கிறது. கப்பல் கிளம்பிப் போய்விட்டால் அந்தப் பயணம் போனதுதான். ஆவணம் சரியில்லாமல் ஏற முடியாமல் போனால் பணம் திரும்பாது என்று முன்பதிவு விதிகளிலேயே எழுதியிருப்பார்கள். அந்தப் பகுதியைத் தயவுசெய்து படித்துப் பாருங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை என்று நான் உறுதியாகச் சொல்வேன். நம்மில் பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு, எல்லாமே உண்மையான பெயர்கள். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதிய பெயர் ஒன்று. நம் மண்ணின் புனிதர் தேவசகாயமே நீலகண்டனாகப் பிறந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனவர்தானே. பங்குக் கோவில் பதிவேட்டில் இருப்பது ஒன்று, டிசியில் இருப்பது இன்னொன்று என்று வாழ்ந்து முடித்தவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. யாரும் யாரையும் ஏமாற்ற அப்படிச் செய்யவில்லை. ஆனால் கணினிக்கு அந்தக் கதை தெரியாது.

பெரியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு இணையும்வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய நிலப் பத்திரங்கள் பல மலையாளத்தில்தான் இருக்கும். பெயர் மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் போய் வரும்போது ஒவ்வொரு இடத்திலும் ஓர் எழுத்து மாறும். தங்கம்மை ஒன்றில் தங்கம்மாளாகவும் இன்னொன்றில் தங்கம்மாவாகவும் இருப்பார்.

நம் ஊர்ப் பெயர்களில் அடிக்கடி பிரச்சினை தருபவை இரண்டு. ஒன்று, 'தாஸ்'. கிறிஸ்துதாஸ், ஏசுதாஸ், ஜெபதாஸ் என்று முடியும் பெயர்களை நம் மாவட்டத்தில் ஆங்கிலத்தில் டி, எச், ஏ, எஸ் என்று எழுதுகிறவர்கள் அதிகம். வெளியூர்க்காரர்கள் அந்த எச் இல்லாமல்தான் டைப் செய்வார்கள். இரண்டாவது, பெண்களின் பெயரில் வரும் 'பாய்'. ஞானபாய், செல்லபாய், தங்கபாய். இதை பி, ஏ, ஐ என்றும் எழுதுவார்கள், நடுவில் எச் சேர்த்தும் எழுதுவார்கள். எச் சேர்த்து எழுதினால் வடக்கே அதை அண்ணன், தம்பி என்ற பொருளில் படிப்பார்கள். மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும் கால் சென்டர் ஊழியர் போனில் கேட்டு எழுதும்போது பாலின இடத்தில் ஆண் என்று போட்டுவிட வாய்ப்பு உண்டு. உங்கள் அம்மா பெயர் பாய் என்று முடிந்தால், முன்பதிவுச் சீட்டில் பெயரோடு நிறுத்தாமல் பாலினத்தையும் ஒருமுறை பாருங்கள். பெயருக்கு நடுவில் இடம் விட்டிருக்கிறதா, சேர்த்து எழுதியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சரி, பாஸ்போர்ட்டில் எதைப் பார்த்து எழுதுவது? இந்திய பாஸ்போர்ட்டில் முதலில் சர்நேம் (குடும்பப் பெயர்), அதற்குக் கீழே கிவன் நேம் (அவரவர் பெயர்) என்று தனித்தனியாக இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் ஒருவர் அப்பா பெயரை சர்நேம் இடத்தில் போட்டிருப்பார். அவருடைய தம்பி தன் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து கிவன் நேமில் எழுதிவிட்டு சர்நேமைக் காலியாக விட்டிருப்பார். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு எடுத்ததால் கணவர் பெயர் சர்நேமாக இருக்கும். ஒரே வீட்டில் இந்த மூன்றும் உண்டு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

நான் பார்த்து எழுதுவது அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளை. எழுத்தும் எண்ணும் இடையிடையே அம்புக்குறிகளுமாக நெருக்கமாக அச்சிட்டிருக்கும். விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் இயந்திரம் படிப்பது அதைத்தான். ஒரு வரிக்கு 44 இடங்கள், அதில் பெயருக்குக் கிடைப்பது 39. முதலில் சர்நேம், பிறகு இரண்டு அம்புக்குறி, அதன் பிறகு கிவன் நேம். புள்ளி, கோடு எதுவும் அதில் வராது. ஞானஸ்நானப் பெயர், புனிதர் பெயர், அப்பா பெயர் என்று நீளமாகப் பெயர் வைத்தவர்களுக்கு அந்த 39 இடம் போதாமல் கடைசியில் வெட்டுப்பட்டிருக்கலாம். அப்படியிருந்தால் மேலே முழுதாக அச்சிட்டிருக்கும் பெயரையே முன்பதிவில் கொடுத்துவிட்டு, நீளம் கொள்ளுமா என்று கப்பல் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குப் பிரச்சினை வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. முன்பதிவு ஒரு ஏஜென்ட் மூலம். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் விற்பவர்கள் வருமான வரிச் சட்டப்படி டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வாங்குபவரிடம் வசூலிக்கும் வரி, பிடிக்க வேண்டும், அதற்குப் பான் எண் வாங்குவார்கள். நாங்களும் பாஸ்போர்ட் படங்களோடு பான் கார்டு படங்களையும் அனுப்பியிருந்தோம். அங்கே டைப் செய்தவர் மாமாவுக்கும் அண்ணனுக்கும் பான் கார்டில் இருந்த பெயரைப் போட்டுவிட்டார். மாமாவின் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் மட்டும் கிவன் நேமில், அவருடைய அப்பா பெயர் சர்நேமில். பான் கார்டிலோ அப்பா பெயர் முதலில், அவர் பெயர் பின்னால். முன்பதிவுச் சீட்டின்படி கப்பலில் ஏற வேண்டியவர் என்றைக்கோ இறந்துபோன மாமாவின் அப்பா. அண்ணனுக்கு 'தாஸ்' என்பதில் எச் விடுபட்டிருந்தது.

சீட்டு வந்த அன்றே நானும் மைனியும் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்ததால் இது தெரிந்தது. மைனி பாஸ்போர்ட்டிலிருந்து வாசித்தார், நான் சீட்டில் விரல் வைத்துக்கொண்டே போனேன். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் கண் தானாகவே சரியென்று படித்துவிடும். இரண்டு பேராகச் செய்யுங்கள்.

ஏஜென்ட்டிடம் சொன்னபோது "அது பரவாயில்லை, அங்கே பார்த்துக்கலாம்" என்றுதான் முதலில் பதில் வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. 'அங்கே' என்பது யார் நிற்கப்போகிற இடம்? எழுபது வயது தாண்டிய மனிதர், மொழி தெரியாத ஊரில், பின்னால் நீண்ட வரிசையை வைத்துக்கொண்டு நிற்கப்போகிற இடம். பாஸ்போர்ட் முதல் பக்கப் படத்தை இணைத்து, இருக்க வேண்டிய பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, மின்னஞ்சலில் திருத்தம் கேட்டேன். போனில் பேசியதையும் மின்னஞ்சலாக எழுதிப் போட்டேன். சில நாளில் திருத்திய சீட்டு வந்தது, கட்டணமும் கேட்கவில்லை.

பொதுவாகக் கப்பல் நிறுவனங்கள் எழுத்துப்பிழையையும் முன்பின் மாறிய பெயரையும் திருத்தமாக எடுத்துக்கொள்ளும். ஆளே மாறினால் அது வேறு கணக்கு. பயணத் தேதி நெருங்கிவிட்டால் ரத்து செய்து புதிதாகப் பதிவு செய்வதாகவே பல நிறுவனங்கள் பார்க்கும். மாமாவின் பெயர் மாறியிருந்தது பார்ப்பதற்கு ஆள் மாற்றம் போலவே இருந்ததால்தான் நான் அவசரப்பட்டேன். பயணிகள் பட்டியல் துறைமுகங்களுக்குப் போன பிறகு இதைக் கேட்டிருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது.

அத்தையின் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர். சர்நேம் காலி. கப்பலின் இணையப் படிவமோ கடைசிப் பெயரை எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. இங்கேதான் பலரும் தாங்களாகவே ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். கணவர் பெயர், ஊர்ப் பெயர், ஆதாரில் இருக்கும் இனிஷியல் என்று எதையாவது. அது வேண்டாம். ஒற்றைப் பெயர்க்காரருக்கு என்ன எழுதுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் அதே பெயரை இரண்டு இடத்திலும் எழுதச் சொல்வார்கள். சிலர் முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எஃப்என்யூ போடச் சொல்வார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரை சர்நேமாக வைத்து, கிவன் நேம் இடத்தில் இந்த எஃப்என்யூதான் வரும். நம் கடற்கரை ஊர்களிலிருந்து கப்பல் வேலைக்குப் போகிற பையன்களுக்கு இது பழக்கமான விஷயம். எங்கள் கப்பல் நிறுவனம் இரண்டு இடத்திலும் அதே பெயரை எழுதச் சொல்லிப் பதில் அனுப்பியது. விமான நிறுவனத்திடமும் தனியாகக் கேட்டோம். இரண்டு பதில்களையும் அச்சடித்து அத்தையின் கைப்பையில் வைத்தேன்.

துபாயிலிருந்து கிளம்பும் கப்பலை யோசிக்கிறவர்கள், மகன் வீட்டுக்கு வளைகுடா போகிறவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 நவம்பர் 21 முதல் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் ஐக்கிய அரபு அமீரகம் அனுமதிப்பதில்லை. பாஸ்போர்ட்டின் இரண்டாவது விவரப் பக்கத்தில், அதாவது நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் விலக்கு உண்டு என்று விமான நிறுவனங்கள் பிறகு விளக்கம் கொடுத்தன. அதனால்தான் நான் எல்லோரிடமும் கடைசிப் பக்கத்தையும் கேட்பது. அப்பா, அம்மா, கணவர் அல்லது மனைவி பெயர்கள் இருப்பது அங்கேதான்.

மைனி விஷயம் வேறு. அவர் பாஸ்போர்ட் எடுத்தது கல்யாணத்துக்கு முன்னால், சர்நேமில் அவருடைய அப்பா பெயர். ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் பெயர் சேர்ந்துவிட்டது. "எதுல போட?" என்று கேட்டார். பாஸ்போர்ட்டில் எது இருக்கிறதோ அதில் மட்டும். விமானம், கப்பல், சிங்கப்பூர் விசா, வருகை அட்டை, பயணக் காப்பீடு எல்லாவற்றிலும் அவர் அப்பா பெயரோடேயே போனார். புருஷன் பெண்டாட்டி என்று காட்ட பெயர் ஒத்துப்போக வேண்டும் என்று நினைத்துப் பலர் புதுப் பெயரில் டிக்கெட் எடுக்கிறார்கள். கல்யாணம் முடிந்த கையோடு கிளம்புகிற ஜோடிகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். பாஸ்போர்ட்டை மாற்றுவதானால் மாற்றி முடித்துவிட்டு டிக்கெட் போடுங்கள், இல்லையென்றால் பழைய பெயரிலேயே போய்விட்டு வந்து மாற்றுங்கள்.

கிளம்பும் சமயத்தில் அம்மா ஒரு விஷயத்துக்குப் பயந்துவிட்டார். விமான போர்டிங் பாஸில் பெயர் இடைவெளியில்லாமல் ஒட்டி, கடைசியில் எம்ஆர்எஸ் என்றும் சேர்ந்து அச்சாகியிருந்தது. "பேரு தப்பா இருக்கே" என்று களியக்காவிளை தாண்டும் வரைக்கும் விடவில்லை. அது தப்பில்லை. விமான நிறுவனங்களின் கணினி அப்படித்தான் அச்சிடும், அதைப் பார்த்து யாரும் நிறுத்துவதில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூர் மரீனா பே கப்பல் முனையத்தில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அத்தையிடம் மட்டும் அந்தப் பெண் அதிகாரி இரண்டாவது முறை பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார். அத்தை கைப்பையிலிருந்து அந்த மின்னஞ்சல் தாளை எடுத்து நீட்டினார். அதிகாரி வாசித்துவிட்டுத் தலையசைத்தார், அவ்வளவுதான். பக்கத்து வரிசையில் வேறொரு தமிழ்க் குடும்பம். அவர்களோடு வந்த பெரியவரைத் தனியாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். முன்பதிவில் இனிஷியலை ஒருமாதிரி விரித்திருக்கிறார்கள், பாஸ்போர்ட்டில் வேறுமாதிரி இருக்கிறது. மகன் கவுன்டருக்கும் போனுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். பெரியவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் அவரையும் ஏற்றிக்கொண்டார்கள், அன்று சாயங்காலம் மேல்தளத்தில் அவர்களைப் பார்த்தேன். ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த நேரம் அவருக்கு நேர்ந்திருக்கவே கூடாது. வாழ்நாள் முழுக்க உழைத்துவிட்டு முதல்முறையாகக் கப்பல் ஏற வந்த ஒரு மனிதர், தான் யார் என்பதற்கு மற்றவர்கள் சாட்சி சொல்லக் காத்திருப்பது எனக்குத் தாங்கவில்லை. சீட்டு வந்த அன்றே உட்கார்ந்து ஒப்பிட்டிருந்தால் இது நடந்திருக்காது.

வெளிநாட்டுத் துறைமுகம் எதுவும் இல்லாமல் இந்தியாவுக்குள்ளேயே போகிற கப்பலென்றால் பாஸ்போர்ட் கட்டாயமில்லை, அரசு தந்த புகைப்பட அடையாள அட்டை போதும். எந்த அட்டையைக் கையில் கொண்டுபோகப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். ஆதாரில் இனிஷியலோடு இருந்தால் இனிஷியலோடு. ஒருவருக்கு ஆதார், ஒருவருக்கு வாக்காளர் அட்டை என்று கலந்து கொடுத்தால் யாருக்கு எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் அத்தையின் பாஸ்போர்ட்டை மாற்ற விண்ணப்பித்தோம். அடுத்த முறை இந்தத் தாளெல்லாம் இல்லாமல் அவர் போக வேண்டும். இணையத்தில் மறுவெளியீடு என்பதைத் தேர்ந்தெடுத்து, தனிப்பட்ட விவரத்தில் மாற்றம் என்று குறிப்பிட வேண்டும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2,000. நாங்கள் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போனோம். அதற்கு முன்னால் ஆதாரில் பெயரைச் சரிசெய்தோம். எந்த எழுத்து வேண்டும் என்று முடிவு செய்யாமல் ஆதார் மையத்துக்குப் போகாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அத்தையும் மாமாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்து உட்கார்ந்து, ஞானஸ்நானச் சான்று, டிசி, பான், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் விரித்து வைத்து, எது நிலைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அவருடைய பெயர் கிவன் நேமில், மாமா பெயர் சர்நேமில் என்று அவரே சொன்னார். அது அவருடைய பெயர், அவர்தான் சொல்ல வேண்டும்.

புதிய பாஸ்போர்ட் வந்தால் அதன் எண்ணும் மாறிவிடும். ஏற்கெனவே செய்துவைத்த முன்பதிவு ஏதாவது இருந்தால் பெயரோடு எண்ணையும் மாற்றச் சொல்லி எழுதுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால் அந்தப் புத்தகத்தையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.